பூனைக்கு மணி கட்டினால் போதுமா?

காலையில் கதவைத் திறந்தால் மிதியடி மேல் ஒரு குருவி. தலை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, ஒற்றை இறக்கை விரிந்தபடி, உயிர் போயும் போகாமலும் கிடக்கும். பக்கத்திலேயே பூனை உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் என்ன செய்வார்? "அடச்சீ, என்ன வேலை பண்ணி வச்சிருக்க" என்று செல்லமாக ஒரு அதட்டல். குருவியைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடுவார். ஐந்து நிமிடத்தில் அதே பூனைக்குக் கிண்ணத்தில் பால் (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பது தனிக்கதை). மாலையில் விருந்தாளி வந்தால் "எங்க வீட்டுப் புலி இன்னைக்கு வேட்டைக்குப் போயிட்டு வந்துச்சு" என்று பெருமை வேறு.

இந்தக் காட்சியில் குற்றவாளி யார் என்று கேட்டால் பத்தில் ஐந்து பேர் பூனையைக் கைகாட்டுவார்கள். மற்ற ஐந்து பேர் "இதுல குற்றம் எங்க இருக்கு? பூனைன்னா பிடிக்கத்தான் செய்யும்" என்பார்கள். இரண்டு பதிலுமே தப்பு. பூனைக்கு நியாயம் அநியாயம் தெரியாது, அதைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது வெட்டி வேலை. ஆனால் இரவு படுக்கப் போகுமுன் கதவைத் திறந்து பூனையை வெளியே விட்டார் பாருங்கள், அவருக்குத் தெரியும். அது எங்கே போகும், என்ன செய்யும் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தே திறந்துவிட்டு, விடிந்ததும் "இயற்கை" என்று கைகழுவுகிறார். மனுநீதிச் சோழன் கதையில் கன்றுக்குட்டி செத்ததற்குத் தேரை யாரும் விசாரிக்கவில்லை, தேரை ஓட்டியவனைத்தான் விசாரித்தார்கள்.

பூனை மேல் பழியைப் போட்டுவிட்டு மனிதன் தப்பித்துக்கொள்வதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. நியூசிலாந்தின் குக் நீரிணையில் ஸ்டீஃபன்ஸ் தீவு என்று ஒரு குட்டித் தீவு. பரப்பளவு சுமார் 150 ஹெக்டேர்தான். 1894இல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கியது. விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களோடு பூனையும் வந்தது. அந்தத் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு பறவை இருந்தது. பாறை இடுக்குகளில் எலி மாதிரி ஓடித் திரியும். பூனை அதை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து போட, விளக்குக் காவலர்களில் ஒருவரான டேவிட் லையல் அவற்றைப் பாடம் செய்து அனுப்பிவைத்தார். இங்கிலாந்தில் பறவை சேகரிக்கும் பெரும் பணக்காரர் வால்டர் ராத்ஸ்சைல்ட் பணம் கொடுத்து வாங்கி, புதிய இனம் என்று அறிவித்து லையலின் பெயரையே வைத்தார். விஞ்ஞான உலகம் கைதட்டுவதற்குள் பறவை ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. 1895இலேயே அது அழிந்துவிட்டதாகப் பேச்சு எழுந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. "டிபிள்ஸ் என்ற ஒரே ஒரு பூனை ஓர் இனத்தையே அழித்தது" என்று கதை கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் புதிர்ப் போட்டிகளில் அந்தப் பெயர் வருகிறது. 2004இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும் பத்திரிகைகளையும் தோண்டிப் பார்த்தபோது, அந்த ஒற்றைப் பூனைக் கதை அப்படியே நிற்கவில்லை. தீவுக்கு வந்த பூனை பெருகி, காட்டுப்பூனைக் கூட்டமாகி, எல்லாமாகச் சேர்ந்துதான் வேலையை முடித்திருக்கின்றன. பெருநிலத்தில் வாழ்ந்த அதே பறவைகளை, மனிதரோடு படகில் வந்த எலிகள் அதற்கு முன்பே காலி செய்துவிட்டிருந்தன. எலியும் பூனையும் தாமாக நீந்தி வரவில்லை. ஆனால் பூனையின் பெயர் உலகுக்கே தெரியும். அந்தப் பூனையைத் தீவில் இறக்கியவர் இன்னார் என்று யாரும் கதை சொல்வதில்லை. 1895இல் கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பத்திரிகை ஒன்று மட்டும் சரியான இடத்தில் கை வைத்தது. ஒதுக்குப்புறத் தீவுகளுக்குக் காவலர்களை அனுப்பும்போது பூனை கொண்டுபோக விடாதீர்கள், வேண்டுமானால் அரசாங்கச் செலவில் எலிப்பொறி வாங்கிக் கொடுங்கள் என்று கிண்டலாக எழுதியது. இந்த விஷயத்தில் இதுவரை எழுதப்பட்டவற்றில் உருப்படியான யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

யாரும் கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி இன்னொரு தீவு. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவில் வானிலை நிலையத்து எலித்தொல்லைக்காக 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தார்கள். ஐந்தே ஐந்து. 1970களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகி, ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றுகொண்டிருந்தன. கடைசிப் பூனையை ஒழிக்க 1991 வரை ஆனது. எலிகளோ இன்னமும் இருக்கின்றன. ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடிக்கின்றன. எதற்காகக் கொண்டுவந்தார்களோ அது நடக்கவேயில்லை.

"இதெல்லாம் காட்டுப்பூனை, தீவுப்பூனை விவகாரம். எங்க வீட்டுப் பூனை சமர்த்து" என்று சொல்லாத பூனைப்பிரியர் கிடையாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதன்ஸ் என்ற ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமர்த்துகளின் கழுத்தில் குட்டி வீடியோ கேமரா மாட்டிவிட்டார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் 55 பூனைகளின் படங்கள் அலசப்பட்டன. 44 சதவீதம் பூனைகள் வேட்டையாடின. அதில் முக்கியமான செய்தி எத்தனை பிடித்தன என்பது அல்ல, பிடித்ததை என்ன செய்தன என்பது. வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை, 23 சதவீதம். 28 சதவீதத்தைத் தின்றன. பாதியை, ஆம் பாதியை, கொன்ற இடத்திலேயே அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டன. (நியாயமாகச் சொன்னால், பிடிபட்டதில் பறவைகளைவிட ஓணான், பல்லி வகையறாதான் அதிகம்.)

அதாவது மிதியடி மேல் மாதத்துக்கு ஒரு குருவி கிடந்தால், கணக்கு ஒன்று அல்ல, நான்கு. மிதியடி சுத்தமாக இருப்பதால் பூனையும் சுத்தம் என்று நம்புகிறவரைப் பார்த்துத்தான், பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா என்று ஊரில் கேட்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டிருப்பது பூனை இல்லை.

தப்பித்துப் பறந்ததும் தப்பித்ததாக அர்த்தமில்லை. பூனையின் வாயிலும் பல்லிலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாக இருக்கும். ஊசி முனை அளவு பல் பட்டால் போதும், பறவையின் ரத்தத்தில் நஞ்சு ஏறிவிடும். வெளியே காயமே தெரியாது. மருந்து கொடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் எங்கோ ஒரு புதரடியில் செத்து விழும். "பூனை வாயிலிருந்து பிடுங்கிப் பறக்கவிட்டேன்" என்று புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூனை தொடக்கூட வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர்கள் பாடம் செய்த ஒரு பூனைப் பொம்மையைக் கரும்பறவைகளின் கூடுகளுக்கு அருகே கால்மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். பொம்மையை எடுத்துவிட்ட பிறகும் தாய்ப்பறவைகளும் தகப்பன்பறவைகளும் குஞ்சுகளுக்குக் கொண்டுவந்த இரையின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. அதோடு, பூனையைப் பார்த்துப் பதறிக் கத்திய கத்தலே காக்கைக் கூட்டத்துக்கு முகவரி சொல்லிவிட்டது. அடுத்த ஒரு நாளைக்குள் பல கூடுகள் சூறையாடப்பட்டன. மதில் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவர்கள் கீழே கூட்டில் பட்டினி கிடக்கும் குஞ்சைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது அந்தப் பெரிய பிரம்மாஸ்திரத்துக்கு வரலாம்: "இது இயற்கை. புலி மானைத் தின்னலையா?"

தின்கிறது. ஆனால் மான் குறைந்தால் புலியும் குறையும். பசித்த புலி குட்டி போடாது, போட்டாலும் பிழைக்காது. மான் மறுபடி பெருகும். இந்த ஏற்ற இறக்கம்தான் இயற்கை என்ற சொல்லுக்குள் இருக்கும் ஒழுங்கு. வீட்டுப்பூனை இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. தெருவில் ஒரு குருவிகூட மிச்சமில்லாமல் போனாலும் அதற்கு மாலை ஆறு மணிக்குக் கிண்ணத்தில் சாப்பாடு விழும். தடுப்பூசி உண்டு, மருத்துவர் உண்டு, மழைக்கு ஒதுங்க சோபா உண்டு. ஒரு சதுர கிலோமீட்டர் காட்டில் ஒரு புலிகூட இருப்பது சந்தேகம். ஒரு சதுர கிலோமீட்டர் புறநகரில் பத்துப் பூனையும் இருக்கலாம், நூறு பூனையும் இருக்கலாம். கடைசிக் குருவியைப் பிடிக்கும்வரை வேட்டைக்காரன் பட்டினி கிடக்காத ஒரு ஏற்பாட்டுக்கு இயற்கை என்று பெயர் வைப்பது அசல் ஜல்லி.

"வயிறார சோறு போடுறோம், அப்புறம் ஏன் வேட்டையாடப் போகுது?" என்று அப்பாவியாகக் கேட்பவர்களும் உண்டு. பூனைக்கு வேட்டையும் பசியும் தனித்தனி. 1970களில் நடந்த ஒரு பரிசோதனையில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன்னால் எலியை விட்டார்கள். உணவை விட்டுவிட்டு எலியைக் கொன்றன. கொன்றபின் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தன. இதில் பூனையின் கொடூரம் எதுவும் இல்லை. எலி எப்போது கிடைக்கும் என்று தெரியாத பாலைவனப் பூனையின் வம்சத்தில் வந்த பிராணி அது, கிடைக்கும்போது பிடித்துவைக்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. அந்தப் பழக்கம் மாறாது என்று தெரிந்திருப்பதால்தான் பொறுப்பு வளர்ப்பவர் தலையில் விழுகிறது.

எண்ணிக்கைக்கு வந்தால் தலை சுற்றும். அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. பூனைப்பிரியர்கள் உடனே, "அதுல முக்கால்வாசி வீடில்லாத பூனைகள் செய்யறது" என்பார்கள். முக்கால்வாசி இல்லை, சுமார் 69 சதவீதம். இருந்தாலும் அவர்கள் சொல்வது ஏறக்குறைய சரி. மீதி 31 சதவீதமே பல கோடிகளாயிற்றே என்பதை விட்டுவிடலாம். அந்த வீடில்லாத பூனைகள் எங்கிருந்து வந்தன? கருத்தடை செய்யாமல் வெளியே விட்ட பூனை போட்ட குட்டிகள், வீடு மாறும்போது தெருவில் விட்டுப்போன பூனைகள், இவற்றின் பேரன் பேத்திகள். சாக்குப்பையில் போட்டு அடுத்த தெரு மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருகிற நம்மூர்ப் பழக்கத்துக்கு அங்கேயும் வேறு பெயரில் ஆள் இருக்கிறார்கள் போல.

ஆஸ்திரேலியாதான் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடப்புத்தகம். 1788இல் வெள்ளையர்களின் முதல் கப்பல் தொகுதியோடு பூனை அங்கே இறங்கியது. இன்று அந்தக் கண்டத்தின் நிலப்பரப்பில் 99 சதவீதத்துக்கும் மேல் பூனை இருக்கிறது. நரியோடு சேர்ந்து பூனையும் காரணமாகி அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அழிந்திருக்கின்றன. பறவைகளில் ஆண்டுக்குச் சுமார் 37 கோடியே 70 லட்சம் பூனைகளால் சாகின்றன என்று 2017இல் கணக்கிட்டார்கள். 2015இல் அந்த அரசு, 2020க்குள் 20 லட்சம் காட்டுப்பூனைகளைக் கொல்வது என்று இலக்கே வைத்தது. சுட்டார்கள், பொறி வைத்தார்கள், நஞ்சு வைத்தார்கள். உலகம் முழுவதுமிருந்து பூனைப்பிரியர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதினார்கள். 20 லட்சம் பூனைகளைக் கொல்லும் நிலைமை எப்படி வந்தது என்று அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டாவது யோசித்ததா என்பதுதான் கேள்வி. பூனையைக் கட்டுப்படுத்தச் சொல்பவன் பூனைக்கு எதிரி இல்லை. தெருவில் விடப்பட்ட பூனையின் கடைசி வாரிசு துப்பாக்கிக்கு முன் போய் நிற்கும் என்று தெரிந்தும் விடுகிறவர்தான் எதிரி.

அதே ஆஸ்திரேலியாவில் வீட்டுப்பூனைகளைத் தனியாகவும் எண்ணினார்கள். வெளியே சுற்றி வேட்டையாடும் ஒரு வளர்ப்புப்பூனை சராசரியாக ஆண்டுக்கு 186 பிராணிகளைக் கொல்கிறது. அதில் 110 அந்த மண்ணுக்கே உரியவை: 40 ஊர்வன, 38 பறவைகள், 32 பாலூட்டிகள். காட்டுப்பூனை ஒன்று இதைவிட அதிகம் கொல்லும்தான், அதற்குப் பசி இருக்கிறது. ஆனால் புறநகரில் பூனைகள் நெருக்கமாக இருப்பதால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் காட்டைவிட ஊரில்தான் சாவு பல மடங்கு. "ஒரே ஒரு பூனை தானே" என்று தெருவில் இருக்கிற ஐம்பது வீட்டிலும் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

எதிர்த்தரப்பில் உண்மையிலேயே பலமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. அது பிரிட்டனிலிருந்து வருகிறது. 1997இல் அங்கே நடந்த ஒரு கணக்கெடுப்பை வைத்து, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்தில் பூனைகள் 2 கோடியே 70 லட்சம் பறவைகளை வீட்டுக்குக் கொண்டுவருவதாக மதிப்பிட்டார்கள். ஆனாலும் அந்த நாட்டின் மிகப்பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமே, பூனைகளால் பறவைகளின் தொகை நாடு முழுவதும் குறைகிறது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்கிறது. குளிரிலோ பட்டினியிலோ எப்படியும் சாகவிருந்த நோஞ்சான் பறவைகளைத்தான் பூனை பெரும்பாலும் பிடிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். பூனை அங்கே குடியேறிக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. தாங்க முடியாத இனங்கள் இருந்திருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும், இருப்பவை தாக்குப்பிடித்தவை.

சரி, பிரிட்டனுக்கு அது பொருந்தட்டும். அதைத் தூக்கிக்கொண்டு போய் நியூசிலாந்திலும் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் படிக்கிறார்களே, அங்கேதான் மோசடி. பூனையையே லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பார்க்காத பறவைகள் அவை. மரத்தில் ஏறி ஒளியத் தெரியாது, பறக்கவே தெரியாத இனங்கள்கூட உண்டு. இன்னொன்று, தொகை குறையவில்லை என்பதும் செத்த பறவைக்குக் கணக்கு இல்லை என்பதும் ஒன்றல்ல. ஊரில் மக்கள்தொகை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் லாரி மோதிச் செத்தவனுக்கு வழக்கு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வேண்டுமென்றே செய்யாத, தேவையும் இல்லாத, சுலபமாகத் தவிர்க்கக்கூடிய சாவு அது. தவிர்க்காததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியது பூனை வளர்ப்பவரின் கடமை. "கண்ணாடிக் கட்டிடத்துல மோதியும்தான் சாகுது" என்பது காரணம் ஆகாது. கட்டிடக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கட்டிடக்காரரிடம் கேட்கலாம், பூனைக்காரரிடம் கேட்க வேண்டியதை இங்கே கேட்போம்.

வளர்ப்புப் பிராணியின் செயலுக்கு வளர்ப்பவர் பொறுப்பு என்பது ஏதோ மேல்நாட்டு நாகரிகம் அல்ல. தமிழ்நாட்டுக் கிராமத்தில் மாடு அடுத்தவர் கொல்லையில் மேய்ந்தால் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைப்பார்கள். மாட்டுக்காரர் தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டும். 1871ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. "மாடுன்னா மேயத்தானே செய்யும், இயற்கைதானே" என்று பவுண்டு வாசலில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும், சிரித்துவிடுவார்கள். ஆட்டுக்கு ஆள் உண்டு, மாட்டுக்கு ஆள் உண்டு, நாய் கடித்தால் நாய்க்காரர் வீட்டுக்கு ஊரே திரண்டு போகும். பூனைக்கு மட்டும் எப்படி இந்தத் தனிச் சலுகை? காரணம் எளிது. மேய்ந்த நெல்லுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், கடிபட்டவருக்கு வாய் இருக்கிறது. குருவிக்கு இரண்டும் இல்லை.

இந்தச் சலுகையை அரசியல்வாதிகளும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 1949இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பூனையைத் தெருவில் திரியவிடும் உரிமையாளருக்கு அபராதம் விதிக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. பறவைப் பிரியர்கள் கொண்டுவந்தது. ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன் அதைத் தடுத்து நிறுத்தினார். தனியாக ஊர் சுற்றுவது பூனையின் சுபாவம், பூனைக்கும் பறவைக்கும் இடையே அரசு பஞ்சாயத்துக்குப் போனால் நாளைக்குப் பறவைக்கும் புழுவுக்கும் இடையிலும் போக வேண்டிவரும் என்ற ரீதியில் நகைச்சுவையாக ஒரு கடிதம் எழுதினார். எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் ரசித்துப் படிக்கிறார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் மசோதா கேட்டது புழுவைப் பற்றி அல்ல. உரிமையாளரைப் பற்றி. 

"வீட்டுக்குள்ளயே அடைச்சு வைக்கிறது கொடுமை இல்லையா?" இது மனசார வரும் கேள்வி. வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். கார் சக்கரம், தெருநாய், சண்டையில் தொற்றும் நோய்கள், எலிக்கு வைத்த மருந்தைத் தின்ற எலி. வெளியே திரியும் பூனையைவிட வீட்டுக்குள் வளரும் பூனைக்கு இந்த ஆபத்துகள் மிகக் குறைவு. உள்ளே வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருந்தால் அது கொடுமைதான். பூனைக்குச் சலிப்பு வரும், உடம்பு பெருக்கும், திரைச்சீலை கிழியும். அதாவது உள்ளே வைத்தால் பூனையோடு விளையாட நேரம் ஒதுக்க வேண்டும், ஏறிக்கொள்ளப் பலகை அடிக்க வேண்டும், மண்தட்டைத் தினமும் அள்ள வேண்டும். கதவைத் திறந்துவிட்டால் இந்த வேலை எல்லாம் மிச்சம். சுதந்திரம் சுதந்திரம் என்று சொல்லப்படுவதில் பாதி பூனையின் சுதந்திரம் இல்லை.

முழுக்க அடைத்து வைக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவுக்கு மாற்றியதும் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம், குச்சியில் இறகைக் கட்டி ஆட்டி வேட்டைபோலவே விளையாட்டுக் காட்டியதும் 25 சதவீதம் குறைந்தது. பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டையைக் கழுத்தில் மாட்டியபோது பிடிபட்ட பறவைகள் மட்டும் 42 சதவீதம் குறைந்தன. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும். உணவை ஒளித்துவைத்துத் தேடவிடும் புதிர்க் கிண்ணம் மட்டும் எதிர்மாறாக வேட்டையைக் கூட்டிவிட்டது. கடுப்பேறியிருக்கும் போல :-)

காலங்காலமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் மணி? அந்த ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. அதற்கு முந்தைய சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன் கிடைத்ததுண்டு, இதில் இல்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் மாநாடு போட்டுத் தவித்ததெல்லாம் வீண். கட்டியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. மணி ஒலிக்காமல் நடக்கப் பூனை பழகிக்கொள்கிறது என்கிறார்கள். கூட்டை விட்டு இறங்கி இன்னும் சரியாகப் பறக்க வராத குஞ்சுக்கு மணிச் சத்தம் கேட்டுத்தான் என்ன பயன்? ஆனால் பத்து ரூபாய் மணியைக் கட்டியதோடு உரிமையாளரின் மனசாட்சிக்கு நிம்மதியான தூக்கம் வந்துவிடுகிறது. மணி வேலை செய்வது அங்கேதான்.

சொல்லிப் பார்த்துத் தீராததைச் சட்டம் போட்டுத் தீர்க்கச் சில ஊர்கள் கிளம்பிவிட்டன. ஜெர்மனியின் வால்டோர்ஃப் என்ற சிறு நகரத்தில், அருகிவரும் கொண்டை வானம்பாடி தரையில் கூடு கட்டும் பருவத்துக்காக, குறிப்பிட்ட பகுதிகளில் பூனைகளை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு போட்டார்கள். மீறினால் 500 யூரோ வரை. பூனை ஒரு வானம்பாடியைக் காயப்படுத்தினாலோ கொன்றாலோ 50,000 யூரோ வரை போகலாம். ஊரே கொந்தளித்தது. பூனைகளின் உரிமை பற்றிப் பேசாதவர் இல்லை. அங்கே அந்தப் பறவையில் மிஞ்சியிருந்தது கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில ஜோடிகள்.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் கொஞ்சம் நிதானமாகச் செய்தார்கள். காட்டை ஒட்டிய சில புறநகர்களில் பூனையை வெளியே விடக்கூடாது என்று முன்பே விதி இருந்தது. 2022 ஜூலை 1 முதல் அதை ஊர் முழுவதற்கும் விரித்தார்கள், ஒரு தளர்வோடு. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த பூனை எல்லாம் வீட்டுக்குள்ளோ, வலையடித்த முற்றத்திலோ, கயிற்றிலோதான் இருக்க வேண்டும். முன்பே பிறந்து வெளியே சுற்றிப் பழகிய பூனை, பழைய விதி இருக்கும் புறநகர் தவிர மற்ற இடங்களில், பழையபடி சுற்றிக்கொள்ளலாம். திடீரென்று அடைத்துக் கிழப்பூனைகளைப் படுத்த வேண்டாம் என்று. வலையடித்த முற்றம் போடும் தச்சர்களுக்கு அங்கே நல்ல வேலை. பூனை வெயிலில் மல்லாந்து கிடக்கிறது, வலைக்கு அந்தப் பக்கம் நீலச்சிட்டு வாலை ஆட்டிக்கொண்டு புழு பொறுக்குகிறது. பூனை பல்லை நறநறவென்று ஆட்டி ஒரு மாதிரி சத்தம் போடும், அவ்வளவுதான். வெளியே சுற்ற அனுமதி உள்ள கடைசித் தலைமுறைப் பூனைகளுக்கு அங்கே இப்போது வயசாகிக்கொண்டிருக்கிறது.